அம்மாவின் தழும்புக் குடலிறக்கம்: இரண்டாவது தடவை, இப்போது தேதியைத் தள்ளிவிட்டார்கள்

சிப்புட்_பெண் | மார்ச் 4, இரவு 10.40

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து ஏழெட்டு வருடம் ஆகிறது, இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு, ஆனால் அம்மா இன்னும் பசாருக்குப் போனால்கூட "வெளியே போறேன்" என்பார், பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போனால் "வீட்டுக்குப் போறேன்" என்பார். வயது 61. இருபத்தெட்டு வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர், காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கிய தோள்.

விஷயம் இதுதான். நாலு வருடத்துக்கு முன் குடல்வால் வெடித்து அவசரமாக நடு வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறந்து ஆப்பரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் காயம் சீழ் பிடித்து, ஆறு வாரம் கிளினிக்கில் டிரெஸ்ஸிங். எட்டு மாதம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். படுத்தால் போய்விடும், இருமினால் வரும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) "சின்ன ஓட்டைதான், வலை வைக்கத் தேவையில்லை, தைத்தாலே போதும்" என்று தைத்தார்கள் (வலை என்பது ஓட்டையை மூட உள்ளே வைக்கும் மெஷ்). ஏழே மாதம். திரும்ப வந்தது, இப்போது சின்னத் தேங்காய் அளவு.

போன வாரம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி சர்ஜரி கிளினிக்கில் சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு ஓட்டையின் அகலம் 11 செ.மீ. என்றார்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 10.4. எடை 83 கிலோ, உயரம் ஐந்தடிதான். டாக்டர் தேதி கொடுப்பார் என்று லீவு எல்லாம் போட்டுவிட்டுப் போனால், "சர்க்கரையை 8க்குக் கீழே கொண்டு வாங்கம்மா, எடையும் குறையட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். அண்ணன் ஒரே கத்தல். ஏழை என்றால் தள்ளிப் போடுகிறார்கள் என்கிறான். அம்மா வேறு பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சமைக்கிறார்.

காத்திருப்பதா, கடன் வாங்கி வேறு இடத்தில் செய்வதா? யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.


கோப்பிக்கடை_ராஜா | மார்ச் 4, இரவு 11.15

தங்கச்சி, கவர்மெண்டில் இப்படித்தான். மூன்று மாதம் என்பார்கள், மூன்று ஆறாகும், ஆறு ஒரு வருடமாகும். எங்கள் மாமாவுக்குத் தொடை இடுக்குக் குடலிறக்கம், தனியாரில் காலையில் போய் மறுநாள் மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து மீன் கறி சாப்பிட்டார். காசு போனால் சம்பாதிக்கலாம். பேசாமல் இன்சூரன்ஸ் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் இபிஎஃப்பில் (தொழிலாளர் சேமநிதியில்) மருத்துவத்துக்கு எடுக்க முடியுமா என்று கேள்.


பழைய_மிஸ்ஸி | மார்ச் 5, காலை 6.20

முப்பத்தோரு வருடம் நர்ஸ், அதில் பதினெட்டு வருடம் ஆப்பரேஷன் தியேட்டரில், இப்போது பென்ஷன். விடியற்காலையில் தூக்கம் வராததால் எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

ராஜா தம்பி, உங்கள் மாமாவுக்கு வந்ததும் இந்த அம்மாவுக்கு வந்ததும் பெயரில்தான் ஒன்று. தொடை இடுக்கில் வருவது பெரும்பாலும் சின்ன வழி, ஒரு வலைத்துண்டு வைத்து மூடிவிட்டு மறுநாள் அனுப்பலாம். இவர்களுக்கு வந்திருப்பது பழைய வெட்டுத் தழும்பில். நம் வயிற்றின் முன்பக்கம் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டு நீளத் தசைகள் இருக்கும். இரண்டும் நடுவில் ஒரு வெள்ளை நிற உறுதியான பட்டையில் சேரும், பாய் முடைந்தவன் நடுவில் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. டாக்டர்கள் நடு வயிற்றைத் திறக்கும்போது அந்தப் பட்டையைத்தான் கிழிக்கிறார்கள். அது சீழ் இல்லாமல் கூடினால் சரி. சீழ் பிடித்தால், சர்க்கரை இருந்தால், ஆள் பருமனாக இருந்தால், புகை பிடித்து இருமிக்கொண்டே இருந்தால், தோல் மேலே கூடிவிடும், உள்ளே பட்டை கூடாது. வெளியே பார்த்தால் அழகான தழும்பு, உள்ளே கதவு திறந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆகும் தெரியுமா, பக்கவாட்டில் இருக்கும் தட்டையான தசைகள், ஒரு பக்கத்துக்கு மூன்று அடுக்கு, அவை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் பிடி போய்விட்டதே. வருடம் போகப் போகத் தசை சுருங்கிப் பின்னால் ஓடிவிடும், ஓட்டை அகலமாகும். ஆகவே 11 செ.மீ. என்பது பெரியது. ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தார் அகலத்தை வைத்து மூன்று வகை பிரித்திருக்கிறார்கள்: 4 செ.மீ.க்குக் கீழே, 4 முதல் 10, அதற்கு மேல். உன் அம்மா மூன்றாவதில் இருக்கிறார். இதை வெறும் ஊசி நூலால் இழுத்துத் தைத்தால் இரண்டு கரையும் தையலை அறுத்துக்கொண்டு பிரியும். முதலில் தைத்தவர் ஏன் வலை வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, கோபம் வருகிறது, ஆனால் அந்த ஆளைப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

இப்போது தள்ளிப் போட்டது பற்றி. சர்க்கரை 10.4இல் வைத்துக்கொண்டு வயிற்றைத் திறந்து பெரிய வலையை வைத்து, அது சீழ் பிடித்தால், வலையை எடுக்க இன்னொரு ஆப்பரேஷன், எடுத்த பிறகு ஓட்டை முன்பைவிடப் பெரியது. தியேட்டரில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பழைய வலையைத் துண்டு துண்டாகப் பிய்த்து எடுப்பதை. குடலோடு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தடவை பழுதாகும்போதும் அடுத்த தடவை செய்வது இன்னும் கஷ்டம். உன் டாக்டர் சோம்பேறித்தனத்தில் சொல்லவில்லை மா.

வேட்டி கட்டுவது பரவாயில்லை, ஆனால் வீக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு, படுத்தபடி கட்டச் சொல். வெளியே வந்த குடலின் மேல் இறுக்கிக் கட்டக் கூடாது.


மண்டோர்58 | மார்ச் 5, காலை 9.05

மிஸ்ஸி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை, நானே சாட்சி. செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் பழம் வெட்டியவன், பிறகு மண்டோர் (மேற்பார்வையாளர்). ஒரு குலை 20 கிலோ, மழை நாளில் தள்ளுவண்டி சேற்றில் சிக்கினால் வயிற்றால்தான் தள்ளுவோம். 2014இல் குடற்புண் வெடித்து நடு வயிற்றில் வெட்டு. அதற்குப் பிறகு குடலிறக்கம். 2016இல் வலை வைத்தார்கள். டாக்டர் சிகரெட்டை விடு என்றார், நான் விட்டேன் என்று பொய் சொன்னேன். தியேட்டருக்குப் போகும் முதல் நாள் ராத்திரி வார்டு மாடிப்படியில் இரண்டு சிகரெட். எனக்கு நானே குழி வெட்டினேன். காயம் பிரிந்தது, வலை தெரிந்தது, ஐந்து மாதம் ஒழுகியது, வேட்டி கட்டினால் நாறும், கோயிலுக்குப் போகவில்லை, மகள் நிச்சயதார்த்தத்தில் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வலையை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் வயிறு ஒரு பக்கம் தொங்கியபடி இருந்தேன். வெறும் தோல், அதன் கீழே குடல் நெளிவது வெளியே தெரியும். பேரன் அதைப் பார்த்து "தாத்தா, பாம்பு" என்பான்.

பிறகு ஈப்போவில் ஒரு சர்ஜன், சின்ன வயசுப் பையன், என் மகன் வயது. நாலு வாரம் சிகரெட் தொடக் கூடாது, ரத்தத்தில் சோதனையும் செய்துவிட்டுத்தான் தேதி தருவேன் என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர்தான் செய்தார், இரண்டு பக்கமும் தசையைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவந்து, பின்னால் வலை. 2019. இன்றுவரை நிற்கிறது. மூச்சு நன்றாக விட முடிகிறது, அது யாரும் சொல்லாத விஷயம்: வயிற்றில் பிடி இல்லாதபோது முதுகு வலிக்கும், மூச்சு வாங்கும், இருமினால் சளியே வராது.


சிப்புட்_பெண் | மார்ச் 5, இரவு 8.30

மிஸ்ஸி அக்கா, மண்டோர் அண்ணே, நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் அடங்கினான்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பாட்டி, "இது குடல் சரிந்திருக்கிறது, விளக்கெண்ணெய் போட்டு மூன்று நாள் தடவினால் ஏறிவிடும்" என்கிறார். அம்மா போகத் துடிக்கிறார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். தடவலாமா?


லயத்துமல்லி | மார்ச் 5, இரவு 9.10

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு வலிக்கும்போது "குடலேற்றம்" என்று பாட்டிமார் தடவுவது ஒன்று, அதில் எண்ணெய்ச் சூட்டுக்கு இதமாக இருக்கும், போகட்டும். குடலிறக்கம் வேறு, பெயர்தான் எதிரும் புதிருமாக ஒரே மாதிரி இருக்கிறது. என் மாமியாருக்குத் தொப்புளில். தடவுகிறவர் வந்து "உள்ளே போக மாட்டேங்குது" என்று கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாந்தி, வயிறு பலகை மாதிரி, தொப்புள் மேல் தோல் கத்தரிக்காய் நிறம். காரில் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போனோம். ஒரு அடி நீளக் குடல் கறுத்துவிட்டது, வெட்டி எடுத்தார்கள். கட்டை விரலால்தான் நடந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, ஏற்கனவே சிக்கியிருக்கும் என்றார், ஆனால் அழுத்திக்கொண்டிருந்த அந்த நாலு மணி நேரத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.


வார்டில்_இருப்பவன் | மார்ச் 6, நள்ளிரவு 1.50

ஆன் கால் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். சர்ஜரி பிரிவில் மெடிக்கல் ஆபிசர், ஸ்பெஷலிஸ்ட் இல்லை. பொதுவாகப் பேசுகிறேன், உங்கள் அம்மாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை.

முதலில் மல்லி அக்கா சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். வீக்கம் திடீரென்று கெட்டியாகி, தொட்டாலே வலித்து, படுத்தும் உள்ளே போகாமல் இருந்தால், வாந்தி வந்தால், காற்றுப் பிரியாமல் மலம் போகாமல் இருந்தால், மேல்தோல் சிவந்தோ கறுத்தோ போனால், மூன்று மாத அப்பாயின்மென்ட்டை மறந்துவிட்டு நேராக எமர்ஜென்சி. ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் வாருங்கள். பலருக்குத் தெரியாதது, வாய் அகன்ற ஓட்டையைவிடக் குறுகிய ஓட்டையில்தான் குடல் சீக்கிரம் நெரிபடும். 11 செ.மீ. ஓட்டையில் குடல் போய் வர இடமிருப்பதால் நெரிபடும் வாய்ப்புக் குறைவு, இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் டாக்டர் மூன்று மாதம் காத்திருக்கலாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தையலா வலையா என்ற சண்டை முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நெதர்லாந்தில் ஏறக்குறைய 200 பேரை வைத்து, ஓட்டை 6 செ.மீ.க்கு மேல் போகாதவர்கள் மட்டும், ஒரு ஆய்வு செய்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்று வருடத்தில் தையல் மட்டும் போட்டவர்களில் 43 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 24. பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது 63, 32. அதாவது சின்ன ஓட்டைக்கே தையல் பாதிக்கு மேல் தோற்றுப் போகிறது, வலையும் மூன்றில் ஒருவருக்குத் தோற்கிறது. "வலை வைத்தால் ஜென்மத்துக்கும் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதனால்தான் இப்போது முதல் ஆப்பரேஷனிலேயே மூடும் முறையைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். பழைய வழக்கம் கரையிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி ஒரு செ.மீ. இடைவெளியில் தடித்த நூலால் தைப்பது. 2015இல் வந்த இன்னொரு டச்சு ஆய்வில், 560 பேர், மெல்லிய நூலால் கரையிலிருந்து 5 மி.மீ. தள்ளி 5 மி.மீ. இடைவெளியில் நெருக்கித் தைத்தார்கள். ஒரு வருடத்தில் குடலிறக்கம் 21 சதவீதத்திலிருந்து 13க்கு இறங்கியது. என் பாஸ் தையல் போடும்போது நூலை அளக்கச் சொல்வார்: வெட்டு 20 செ.மீ. என்றால் நூல் குறைந்தது 80 செ.மீ. போக வேண்டும், நாலுக்கு ஒன்று. தையல்காரர் வீட்டுப் பிள்ளை நான், ஜாக்கெட் கையில் நெருக்கித் தைத்தால்தான் தாங்கும் என்று எங்கள் அம்மா சொல்வது எனக்கு அப்போது புரிந்தது. அவசரத்தில் நடு ராத்திரி சீழ் நிறைந்த வயிற்றில் எல்லாமே புத்தகப்படி நடக்காது என்பதும் உண்மை.


மண்டோர்58 | மார்ச் 6, காலை 7.40

டாக்டர் தம்பி, தூங்கினாயா இல்லையா. எனக்குச் செய்த "தசையைப் பிரிப்பது" என்னவென்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. எழுத முடிந்தால் எழுது.


வார்டில்_இருப்பவன் | மார்ச் 6, மாலை 6.15

அண்ணே, நாலு மணி நேரம் தூங்கினேன், போதும்.

மிஸ்ஸி அக்கா சொன்னார்களே ஒரு பக்கத்துக்கு மூன்று அடுக்கு என்று. அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று பின்னி இழுப்பதால்தான் நேர்தசை, அதாவது அக்கா சொன்ன அந்த நீளத் தசை, நடுவுக்கு வர மறுக்கிறது. 1990இல் ஆஸ்கர் ராமிரெஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவர் குழுவும் ஒன்று காட்டினார்கள்: வெளி அடுக்கின் நாரை நேர்தசைக்கு வெளிப்பக்கமாக மேலிருந்து கீழ் கீறிவிட்டு, அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து பிரித்துவிட்டால், நேர்தசை தன் ரத்தக் குழாயோடும் நரம்போடும் அப்படியே நடுவுக்கு நகரும். இடுப்பு மட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 10 செ.மீ. வரை, மேல் வயிற்றில் 5, அடிவயிற்றில் 3. இரண்டு பக்கமும் சேர்த்தால் நடுவில் 20 செ.மீ. இடைவெளியைக்கூட மூடலாம். குறை என்னவென்றால் அந்த இடத்துக்குப் போகத் தோலையும் கொழுப்பையும் அகலமாகத் தூக்க வேண்டும், தோலுக்கு ரத்தம் குறைந்து காயம் அழுகும்.

அதனால் பலர் இப்போது பின்பக்கமாகப் போகிறார்கள். நேர்தசைக்குப் பின்னால் ஒரு உறை உண்டு, அந்த இடத்தில் வலையைப் பரப்புவது பிரான்ஸில் ரீவ்ஸ், ஸ்டோப்பா என்ற இருவர் கொண்டு வந்த வழி. இடம் போதாவிட்டால் கடைசி உள் அடுக்குத் தசையை உள்ளிருந்தே அறுத்துப் பக்கவாட்டில் இன்னும் தூரம் போகலாம், 2012இல் நொவிட்ஸ்கி குழு எழுதியது. வலை தசைக்கும் உள்சவ்வுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி படுக்கும். குடலைத் தொடாது, தோலுக்கும் எட்டாது. வயிறு உள்ளிருந்து தள்ளத் தள்ள வலை சுவரோடு இன்னும் ஒட்டும். மண்டோர் அண்ணே, "பின்னால் வலை" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இந்த வகைதான் என்று நினைக்கிறேன், டிஸ்சார்ஜ் கடிதத்தில் இருக்கும்.

இன்னொரு விஷயம், பெரிய குடலிறக்கத்தில் குடல் வருடக்கணக்கில் வெளியே குடியிருந்தால் உள்ளே வீடு சுருங்கிவிடும். வெளியே இருக்கும் பையின் கொள்ளளவு உள் வயிற்றின் கொள்ளளவில் கால் பங்கைத் தாண்டினால் கவலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் உள்ளே திணித்து இறுக்கி மூடினால் அழுத்தம் ஏறும், உதரவிதானம் மேலே போகும், மூச்சு முட்டும், சிறுநீரகம் நிற்கும். அதற்குத்தான் சில இடங்களில் மூன்று நாலு வாரம் முன்பே பக்கவாட்டுத் தசைகளில் போட்டாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்துவது, ஆமாம், நடிகைகள் முகத்தில் போடுகிறார்களே அதே மருந்துதான். சிலருக்கு வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றி இடம் விரிப்பார்கள், இது அர்ஜென்டினாவில் கோனி மொரேனோ 1940களில் தொடங்கியது. எடை குறைந்தால் உள்ளே கொழுப்புக் குறைந்து தானாகவே இடம் கிடைக்கும், செலவில்லாத வழி.


சைவப்பூனை | மார்ச் 6, இரவு 9.00

குறுக்கே கேட்கிறேன். இந்த வலை பன்றித் தோலில் செய்வது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாட்டுத் தோலிலும் உண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சைவம், என் அக்காவுக்கு அடுத்த மாதம் ஆப்பரேஷன்.


பழைய_மிஸ்ஸி | மார்ச் 6, இரவு 9.35

வாட்ஸ்அப் பாதி உண்மை சொல்லும், அதுதான் பிரச்சினை. சாதாரணமாக வைக்கும் வலை பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக். ஊசி நூலிலும் அதே பொருள் உண்டு. 1958இல் அமெரிக்காவில் உஷர் என்ற சர்ஜன் பிளாஸ்டிக் வலையைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த வழி. மிருகம் கிடையாது. பன்றி, மாட்டுத் தோலிலிருந்து செய்த வலைகளும் இருக்கின்றன, அவை விலை அதிகம், பெரும்பாலும் சீழ் பிடித்த இடத்தில் பிளாஸ்டிக் வைக்கப் பயந்து தேடுவார்கள். நம் நாட்டில் முஸ்லிம் நோயாளிகளுக்கும் இதே கேள்வி இருப்பதால் கேட்பது ஒன்றும் புதுசில்லை. கையெழுத்துப் போடும் முன் "வலை எதில் செய்தது" என்று ஒரே ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.


கோப்பிக்கடை_ராஜா | மார்ச் 7, மத்தியானம் 1.20

சரி, மாமா கதையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், எல்லோரும் டாக்டரை இவ்வளவு புகழ்கிறீர்கள், "சர்க்கரையைக் குறை" என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டால் அந்த அம்மா எப்படிக் குறைப்பார்? டயட்டீஷியன் பார்க்க இரண்டு மாதம் கழித்துத் தேதி. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து டின் பால் கோப்பி குடித்துப் பழகிய உடம்பு. 83 கிலோ ஆளை நடக்கச் சொன்னால் தேங்காய் மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே நடப்பார்? குறைக்கவில்லை என்று மறுபடியும் தள்ளிவிடுவார்கள். தப்பு நோயாளி மேல் விழும்.


பழைய_மிஸ்ஸி | மார்ச் 7, மத்தியானம் 2.45

இது நியாயமான கேள்வி தம்பி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. மூன்று மாதம் கழித்து வா என்பது சிகிச்சை ஆகாது.

சிப்புட் பெண்ணே, அடுத்த வாரமே கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போ, கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஆப்பரேஷனுக்காகச் சர்க்கரை இறக்க வேண்டும் என்று சொல்லி சர்ஜனின் கடிதத்தைக் காட்டு. மாத்திரையைக் கூட்டுவதா, இன்சுலின் தொடங்குவதா என்று அவர்கள் பார்க்கட்டும். ஊசிக்கு அம்மா பயப்படுவார், எல்லோரும் பயப்படுவார்கள். கோப்பியில் டின் பாலை நிறுத்து, திரீ இன் ஒன் கோப்பி பாக்கெட்டை வீட்டில் வைக்காதே. சோறு ஒரு வேளை போதும். வயிற்றுக்குப் பெல்ட் போட்டு இருபது நிமிடம் சமதரையில் நடக்கட்டும், தாமான் ரோட்டில் இல்லாவிட்டால் ஹால் முழுக்க. படுத்தபடி எழும் பயிற்சி (சிட்-அப்), வயிற்றை மடக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். மலச்சிக்கல் வரவிடாதே. மடிப்புக்குக் கீழே தோலைக் காய வைத்து வை, புண்ணும் படையும் இருந்தாலும் ஆப்பரேஷன் தள்ளிப் போகும்.


இரட்டைப்பிள்ளை_அம்மா | மார்ச் 9, இரவு 11.30

எனக்கும் தொப்புளுக்கு மேல் எழும்போது முதலை முதுகு மாதிரி நீளமாக ஒரு மேடு. இரட்டைக் குழந்தை பிறந்ததிலிருந்து. குடலிறக்கமா?


வார்டில்_இருப்பவன் | மார்ச் 10, காலை 8.00

பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் நீளமான மேடு, ஓட்டை இல்லை, வலி இல்லை என்றால் பெரும்பாலும் நேர்தசைகள் விலகியிருப்பது. நடுப்பட்டை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழிந்திருக்காது. குடல் சிக்காது. பிசியோதெரப்பி முதலில். ஆனால் தொப்புளில் தனியாக ஒரு குமிழ் இருந்தால் காட்டுங்கள், இரண்டும் சேர்ந்தும் வரும். தனி இழை தொடங்குங்கள் அக்கா, இங்கே தொலைந்துவிடும்.


சிப்புட்_பெண் | ஜூலை 18, இரவு 9.50

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எச்பிஏ1சி 7.6. எடை 75. இன்சுலின் போட்டதும் முதல் வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. பிறகு தானே போட்டுக்கொண்டார், "ரப்பர் மரத்தில் கத்தி வைத்த கை, இந்த ஊசி என்ன" என்றார். மூன்று மாதம் கழித்துப் போனபோது 8.3, திரும்ப ஆறு வாரம் என்றார்கள், ராஜா அண்ணன் சொன்னபடி அன்று காரில் அழுகைதான். இப்போது தேதி கிடைத்துவிட்டது, செப்டம்பர் 9. ஓட்டை அதே 11 செ.மீ., அது சுருங்கவில்லை, ஆனால் உள்ளே இடம் இருக்கிறது, போட்டாக்ஸ் தேவையில்லை என்றார் சர்ஜன். படம் வரைந்து காட்டினார். டாக்டர் தம்பி எழுதியதுதான், பின்பக்க வழி. நான் தலையாட்டியதைப் பார்த்து "நர்ஸா?" என்று கேட்டார்.


மண்டோர்58 | ஜூலை 19, காலை 6.55

நல்ல செய்தி. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி ஒன்று இப்போதே வாங்கி வை. ஊதுவதில்லை, உள்ளே இழுப்பது. நான் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தேன், பக்கத்துக் கட்டில் சீன அங்கிள்தான் திருத்தினார். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்.


சிப்புட்_பெண் | செப்டம்பர் 24, இரவு 10.10

முடிந்தது. நாலரை மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அண்ணன் மூன்று தடவை கார் பார்க்கிங் டிக்கெட் மாற்றப் போனான், அவனுக்குப் பதற்றம் வந்தால் நடப்பான். 30க்கு 30 செ.மீ. வலை, பிளாஸ்டிக். ஒரு ராத்திரி ஐசியூ. வயிற்றின் இரண்டு பக்கமும் குழாய், சிவந்த தண்ணீர் பையில். மூன்றாம் நாள் காற்றுப் பிரிந்தது, வார்டில் நாங்கள் மட்டும்தான் அதற்குக் கைதட்டியிருப்போம். எட்டாம் நாள் வீடு. தழும்பின் கீழ்முனையில் காசு அளவு சிவப்பு, கிளினிக்கில் பார்த்துவிட்டு டிரெஸ்ஸிங் போதும் என்றார்கள். தோலுக்கடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது மாதிரி இருக்கிறது, அதைக் குத்தி எடுக்கச் சொல்லி அண்ணி சொல்கிறார்.

அம்மாவின் குறை வேறு. பெல்ட் அரிக்கிறதாம். தம்பி மகனைத் தூக்க விடவில்லையாம். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக ஆப்பரேஷனுக்கு முதல் நாள் வேண்டிக்கொண்டாராம், யாரைக் கேட்டு வேண்டினீர்கள் என்றால் முருகனைக் கேட்டுத்தான் என்கிறார்.


பழைய_மிஸ்ஸி | செப்டம்பர் 25, காலை 5.45

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தேங்கிய தண்ணீரைக் குத்த வேண்டாம். ஊசி போனால் கிருமியும் போகும், பெரும்பாலும் தானே வற்றும். காய்ச்சல், சிவப்புப் பரவுவது, நாற்றம், இதில் எது வந்தாலும் அன்றே போ. பெல்ட்டுக்கு உள்ளே பழைய பருத்தி பனியனைப் போட்டுவிடு, அரிப்பு நிற்கும். ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் கையில் எடுக்கக் கூடாது. குழந்தை எத்தனை கிலோ? பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குழந்தையை மடியில் ஏற்றிவிடு, தூக்கியது போலவே இருக்கும். மார்க்கெட் பையை அண்ணன் தூக்கட்டும், நடந்து பழகியவன்தானே.

பால்குடம் தைப்பூசத்துக்கு நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு அப்பாயின்மென்ட் வரும், சர்ஜனிடமே கேள், அவர் தமிழராக இல்லாவிட்டால் குடம் எவ்வளவு எடை, படி எத்தனை என்று விளக்கிச் சொல். சின்னக் குடமாகப் பார்த்து வாங்கு. அரை லிட்டர் பால் போதும், முருகன் அளந்து பார்க்க மாட்டார்.


சிப்புட்_பெண் | செப்டம்பர் 25, காலை 7.20

பதின்மூன்று கிலோ அக்கா. மடியில் வைத்தாகிவிட்டது. இரண்டு பேரும் இட்லி சாப்பிடுகிறார்கள்.